பழைய எண், புதிய எண்

திரையில் இரண்டே வரி. கிரப் ஏறிக்கொண்டிருக்கிறது, பொறுங்கள் என்றது முதல் வரி. பிழை 15 என்றது இரண்டாவது. அதன் பிறகு எந்த விசையைத் தட்டினாலும் அசைவில்லை.

சென்ட்ஓஎஸ் 5 போட்ட பழைய மெய்நிகர் கணினி (விஎம்) அது. அதற்குள் ஒரு கணக்கு மென்பொருள் ஐந்தாறு ஆண்டுகளாகச் சலிக்காமல் ஓடிக்கொண்டிருந்தது. அந்த நிறுவனம் தன் விஎம்களையெல்லாம் வேறொரு மேடையிலிருந்து கேவிஎம்முக்கு மாற்றிக்கொண்டிருந்த நாட்கள். இதன் முறை வந்தது. வட்டுகள் இரண்டு: இயங்குதளம் இருந்த 40 ஜிபி வட்டு, தரவுகள் இருந்த 500 ஜிபி வட்டு. இரண்டும் ஒரு பிட் பிசகாமல் நகலாகியிருந்தன. சரிபார்ப்புத் தொகையும் ஒத்துப்போனது. இயக்கினால் பிழை 15.

பிழை 15 என்றால் கோப்பு கிடைக்கவில்லை என்று பொருள். உடன் இருந்த இளைஞர் 40 ஜிபி வட்டை வேறொரு கணினியில் மாட்டிப் பார்த்துவிட்டு வந்தார். “ஃபைல் அங்கதான் சார் இருக்கு. பூட் டைரக்டரி அப்படியே இருக்கு, ஒண்ணும் குறையல.”

கோப்பு இருக்கிறது என்கிறார் இவர். இல்லை என்கிறது கிரப். அன்று இரவு எங்களுக்குப் புரிய ஒன்றரை மணி நேரம் ஆனது: இருவர் சொன்னதும் உண்மை.

சென்னையில் வீடு தேடி அலைந்தவர்களுக்கு இதை விளக்குவது எளிது. ஒரே கதவில் பழைய எண் 14, புதிய எண் 27 என்று எழுதியிருக்கும். நாலு வீடு தள்ளிப் பழைய எண் 27 என்று இன்னொரு கதவு நிற்கும். வீடு எதுவும் நகரவில்லை. எண்ணியவர் வேறு, எண்ணத் தொடங்கிய முனை வேறு; அவ்வளவுதான். கையில் இருக்கும் துண்டுச்சீட்டில் வெறுமனே 27 என்று இருந்தால், நீங்கள் தட்டும் கதவு திறக்கும், ஆனால் உள்ளே இருப்பவர் “அப்படி யாரும் இங்கே இல்லையே” என்பார். அவர் பொய் சொல்லவில்லை.

ஒரு லினக்ஸ் கணினி கண் விழிக்கும் சில நொடிகளுக்குள் அதன் வட்டுகளை மூன்று பேர் தத்தம் முறையில் அழைக்கிறார்கள். முதலில் பயாஸ், அடுத்து கெர்னலை ஏற்றிவிடும் பூட்லோடர் (எங்கள் கதையில் கிரப்), கடைசியில் இயங்குதளத்தின் கருவான கெர்னல். பூட்லோடர் பயாஸின் வரிசையையே தன் பெயரில் சொல்கிறது; கெர்னலோ அவர்கள் கணக்கைக் கேட்டு வாங்கிக்கொள்வதில்லை.

பயாஸின் எண்ணிக்கைதான் எல்லாவற்றிலும் பழையது. 1983இல் ஐபிஎம் பிசி எக்ஸ்டி வன்வட்டோடு வந்த காலத்திலிருந்து அது தொடர்கிறது. நெகிழ்வட்டுகளுக்கு 0, 1 என்ற எண்கள். வன்வட்டுகளுக்குப் பதினாறடிமானத்தில் 80 தொடங்கி 81, 82 என்று போகும். பெயர் கிடையாது, அடையாளம் கிடையாது, வரிசை மட்டும்தான். வரிசையில் முதலில் நிற்கும் வட்டின் முதல் 512 பைட்டை எடுத்து, நினைவகத்தில் 7சி00 என்ற முகவரியில் வைத்து, “இனி உன் பாடு” என்று கட்டுப்பாட்டை ஒப்படைத்துவிடும். அந்த 512இல் கடைசி 2 பைட் 55, ஏஏ என்ற முத்திரை. அதற்கு முந்தைய 64 பைட்டில் பிரிவு அட்டவணை, அதாவது பார்ட்டிஷன் டேபிள். மிஞ்சிய 446 பைட்தான் பூட்லோடரின் முதல் துண்டு குடியிருக்கக் கிடைத்த இடம்.

446 பைட் எவ்வளவு? யுடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு 3 பைட் வேண்டும். சுமார் 148 குறியீடுகள். இந்தப் பத்தியைக்கூட அதில் முழுதாக எழுத முடியாது. அத்தனை சிறிய இடத்தில் உட்கார்ந்திருக்கும் நிரலுக்குக் கோப்பு என்றால் என்ன, அடைவு என்றால் என்ன என்று எதுவும் தெரியாது. இந்த வட்டில் இந்த இடத்திலிருந்து அடுத்த துண்டைப் படி என்பதுதான் அதற்குத் தெரிந்த ஒரே காரியம்.

அடுத்த துண்டு, முதல் 512 பைட்டுக்கும் முதல் பிரிவுக்கும் நடுவே யாரும் உரிமை கொண்டாடாத சந்தில் இருக்கும். பழைய வட்டுகளில் அந்தச் சந்து 512 பைட் கொண்ட 62 செக்டர்கள், ஏறக்குறைய 31 கிலோபைட். பழைய கிரப் இதை ஒன்றரையாம் நிலை என்று அழைத்தது. ஒன்றும் இல்லாமல் இரண்டும் இல்லாமல் ஒன்றரை என்று பெயர் வைத்தவர்களின் நேர்மை எனக்குப் பிடிக்கும். ஈஎக்ஸ்டி3 போன்ற ஒரு கோப்பு முறைமையைப் படிக்கும் அளவுக்கு மட்டும் இதற்கு அறிவு உண்டு. அந்த அறிவை வைத்துப் பூட் அடைவுக்குள் போய் இரண்டாம் நிலையைத் தேடிப் பிடிக்கும். எங்களிடம் பிழை 15 என்று சொன்னது இந்த ஒன்றரைதான்.

கிரப் வருவதற்கு முன் லிலோ இருந்தது. வெர்னர் ஆல்மெஸ்பெர்கர் எழுதியது. லிலோவுக்குக் கோப்பு முறைமையே தெரியாது. கெர்னல் வட்டில் எந்தெந்தக் கட்டங்களில் கிடக்கிறது என்று முன்கூட்டியே குறித்து வைத்துக்கொள்ளும். கெர்னலைப் புதுப்பித்துவிட்டு லிலோவை மறுபடி ஓட்ட மறந்தால் மறுநாள் காலை கணினி எழாது. 1995இல் எரிக் போலின் தொடங்கிய கிரப் அந்தத் தொல்லையிலிருந்து விடுதலை தந்தது: துவங்கும் நேரத்திலேயே கோப்பு முறைமையைப் படித்துக் கெர்னலைத் தேடிக்கொள்ளும். ஆனால் ஒரு பழைய சிக்கலைத் தீர்த்த கையோடு நுணுக்கமான வேறொன்றைக் கொண்டுவந்தது.

கிரப் வட்டுகளை ஹெச்டி0, ஹெச்டி1 என்று அழைக்கும். பயாஸின் 80 இதற்கு ஹெச்டி0. 81 இதற்கு ஹெச்டி1. பழைய கிரப்பில் பிரிவுகளுக்கும் பூஜ்யத்திலிருந்துதான் எண்ணிக்கை. முதல் வட்டின் முதல் பிரிவு ஹெச்டி0, 0. கிரப் 2 வந்தபோது பிரிவுகளை 1இலிருந்து எண்ணத் தொடங்கினார்கள். வட்டுகளை மட்டும் 0இலேயே விட்டுவிட்டார்கள். மாற்றுவதென்றால் இரண்டையும் மாற்றியிருக்கலாம், இல்லையென்றால் இரண்டையும் விட்டிருக்கலாம். இந்தப் பாதி மாற்றத்தால் தூக்கம் கெட்டவர்கள் ஏராளம், நானும் அதில் ஒருவன்.

சிக்கல் கிரப்பை நிறுவும் நேரத்தில்தான் பிறக்கிறது. நிறுவும் நிரல் லினக்ஸுக்குள் ஓடுகிறது. அங்கே பயாஸ் எப்போதோ ஒதுங்கிப்போயிருக்கும். வட்டுகளுக்கு எஸ்டிஏ, எஸ்டிபி என்று கெர்னல் வைத்த பெயர்கள்தான் வழங்கும். ஆனால் நிறுவப்படும் நிரல் ஓடப்போவதோ கெர்னல் பிறப்பதற்கு முன், பயாஸ் ஆளும் வேளையில். பகல் வெளிச்சத்தில் நிற்பவர், இருட்டில் நடக்கப்போகிறவருக்கு வழி எழுதிக் கொடுப்பதைப் போன்ற வேலை. இங்கே எஸ்டிஏ என்று நான் அழைக்கும் வட்டு அங்கே ஹெச்டி0 ஆக இருக்குமா? உறுதியாகச் சொல்ல எளிய வழி இல்லை. அதனால் ஊகித்து, அந்த ஊகத்தை ஒரு சின்னக் கோப்பில் எழுதி வைத்தது பழைய கிரப். டிவைஸ்.மேப் என்று பெயர். பெரும்பாலும் ஒரே வரி: ஹெச்டி0 என்றால் எஸ்டிஏ.

நிஜக் கணினியில் இந்த ஊகம் பெரும்பாலும் பலித்தது. வட்டு ஒரு பெட்டிக்குள் திருகி மாட்டியிருக்கிறது. கேபிள் மாறாது, தாய்ப்பலகை மாறாது. மெய்நிகர் கணினியில் நிலைமை வேறு. அங்கே வட்டு என்பது ஒரு கோப்பு. அது எந்த வகைக் கட்டுப்பாட்டியில் மாட்டப்பட்டிருக்கிறது, எத்தனையாவது இடத்தில் நிற்கிறது என்பதெல்லாம் அமைப்புக் கோப்பில் சில வரிகள். ஒரு சொல்லை மாற்றினால் தூங்கிக்கொண்டிருக்கும் வட்டுக்கு அடியில் கணினியே மாறிவிடும். இரவு ஒரு வீட்டில் படுத்தவர் காலையில் வேறு ஊரில் கண் விழிப்பதைப் போல.

பெயர் மாறும் வேகமோ அதற்கு மேல். 2007 வாக்கில் லினக்ஸ் விநியோகங்கள் புதிய லிபேட்டா இயக்கிகளுக்கு மாறியபோது ஹெச்டிஏ என்றிருந்த ஐடிஈ வட்டுகள் எஸ்டிஏ ஆயின. ஜென் மேடையில் அதே வட்டு எக்ஸ்விடிஏ. ரஸ்டி ரஸ்ஸல் வடிவமைத்த விர்ட்டியோ, 2008 தொடக்கத்தில் 2.6.24 கெர்னலோடு வந்தது. அதில் மாட்டினால் விடிஏ. அமேசானின் மேகத்தில் நீங்கள் எஸ்டிஎஃப் என்று குறிப்பிட்டு இணைக்கும் வட்டு, பழைய வகைக் கணினியில் எக்ஸ்விடிஎஃப் என்றும், புதிய நைட்ரோ வகையில் என்விஎம்ஈ என்று தொடங்கும் இன்னொரு பெயரிலும் தோன்றும். வட்டில் எழுதியிருப்பது ஒன்றும் மாறவில்லை. கதவு எண் மட்டும் மறுபடி மறுபடி மாறிக்கொண்டே போகிறது.

இனி எங்கள் பிழை 15க்கு வருவோம். “சரி தம்பி, கோப்பு 40 ஜிபி வட்டில் இருக்கிறது. பேசுகிற கிரப் எந்த வட்டில் இருக்கிறது?” என்று கேட்டேன். அவர் விழித்தார். கேட்ட எனக்கும் விடை தெரியாது. கேவிஎம்மின் அமைப்புக் கோப்பைத் திறந்து பார்த்தோம். இடம் மாற்றியபோது 500 ஜிபி வட்டு முதலாவதாக எழுதப்பட்டிருந்தது, 40 ஜிபி இரண்டாவதாக. ஆக பயாஸ் 80 என்று எண்ணியது தரவு வட்டை.

தரவு வட்டில் பூட்லோடர் எதுவும் இல்லாவிட்டால் கிரப்பின் குரலே கேட்டிருக்காது, ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்திருப்போம். ஆனால் அந்த வட்டுக்கு ஒரு முன்கதை இருந்தது. எப்போதோ வேறொரு சோதனைக் கணினியின் முதன்மை வட்டாக இருந்ததை அழித்து, புதிதாக ஈஎக்ஸ்டி3 போட்டுத் தரவுக்கு எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். ஒரு பிரிவை ஃபார்மட் செய்தால் அந்தப் பிரிவு மட்டும்தான் வெளுக்கும். முதல் 446 பைட்டையும் அதை அடுத்த சந்தையும் அது தொடுவதில்லை. அங்கே பழைய கிரப் உயிரோடு இருந்தது. இத்தனை ஆண்டும் இரண்டாவது இடத்தில் நின்றதால் யாரும் அதைக் கூப்பிடவில்லை. அன்று முதல் இடம் கிடைத்ததும் எழுந்து, தன் பழைய வீட்டின் இரண்டாம் நிலையைத் தேடிப் போய், காணோம் என்று சொன்னது. தன் வட்டைப் பற்றி அது சொன்னது அட்சர சுத்தமான உண்மை.

வரிசையை மாற்றி எழுதினோம். கிரப் பட்டியல் வந்தது, கெர்னல் ஏறியது. மூச்சு விடுவதற்குள் கெர்னல் பதறி நின்றது: ரூட் கோப்பு முறைமையைக் காணவில்லையாம்.

இங்கேதான் பலரும் குழம்புவார்கள். ஒரு நொடிக்கு முன்பு அதே வட்டிலிருந்துதானே கெர்னல் ஏறியது, இப்போது எப்படிக் காணாமல் போகும்? ஏறியது கிரப்பின் தயவில். கிரப் படித்தது பயாஸின் கண் வழியே. கெர்னலோ பயாஸின் கண்ணைக் கடன் வாங்காது. தன் சொந்த இயக்கி வேண்டும். அந்த இயக்கி வட்டுக்குள் இருந்து பயனில்லை, வட்டைத் திறப்பதற்கே அதுதானே வேண்டும். பெட்டிக்குள் வைத்துப் பூட்டிய சாவி. அதனால்தான் கெர்னலோடு சேர்த்து ஒரு சிறு மூட்டையையும் கிரப் தூக்கிவந்து நினைவகத்தில் போடுகிறது. இனிட்ஆர்டி என்றும், இப்போதைய வடிவத்தில் இனிட்ரேம்எஃப்எஸ் என்றும் சொல்வார்கள். முதல் சில நொடிகளுக்கு வேண்டிய இயக்கிகள் அதில் இருக்கும்.

எங்கள் மூட்டை பழைய மேடையில் கட்டப்பட்டது. அங்கே வட்டு ஸ்கஸி வகை. அந்த இயக்கிதான் உள்ளே இருந்தது. விர்ட்டியோ இயக்கி இல்லை. இது பழைய சென்ட்ஓஎஸோடு போன தொல்லை என்று நினைக்க வேண்டாம். இன்று இந்த மூட்டையைக் கட்டும் டிராகட் நிரலும் இடத்தை மிச்சம் பிடிக்க, கட்டும் நேரத்தில் கண்ணில் படும் வன்பொருளுக்கான இயக்கிகளை மட்டும் எடுத்துவைக்கும்படி அமைக்கப்பட்டிருக்கும். ஊர் மாறப்போகிறோம் என்று அதற்குத் தெரியாது. வெயிலூரில் மூட்டை கட்டியவர் கம்பளி எடுத்துவைக்க மாட்டார். விவரம் தெரிந்தவர்கள் இடம் மாற்றுவதற்கு முந்தைய நாளே, பழைய மேடையில் கணினி நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே, விர்ட்டியோ இயக்கிகளைச் சேர்த்து மூட்டையைக் கட்டிவிடுவார்கள். நாங்கள் அன்று அந்த விவரம் தெரிந்தவர்கள் அல்ல.

மீட்பு வட்டில் துவக்கி, ரூட் பிரிவை ஏற்றி, அதற்குள் குடிபுகுந்து மூட்டையைப் புதிதாகக் கட்டினோம். இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. எந்தக் கெர்னலுக்கு மூட்டை என்று கேட்கும் இடத்தில், இப்போது ஓடும் கெர்னலின் எண்ணைக் கொடுக்கும் பழக்கம் எல்லோருக்கும் இருக்கிறது. மீட்பு வட்டில் ஓடுவது அந்த வட்டின் கெர்னல். நோயாளியின் கெர்னல் எண்ணைப் பார்த்துக் கையால் எழுதிக் கொடுக்க வேண்டும்.

கிரப்பின் பட்டியலைத் திருத்தும்போது இளைஞர் கேட்ட கேள்வி நல்ல கேள்வி: “ரூட்னு ரெண்டு தடவை வருதே சார், எதை மாத்தறது?” பழைய கிரப்பின் பட்டியலில் ரூட் என்ற சொல் இரண்டு வரிகளில் வரும். முதலாவது, ரூட் ஹெச்டி0, 0. அது கிரப் தனக்குத்தானே சொல்லிக்கொள்வது: கெர்னல் கோப்பு இங்கே இருக்கிறது. இரண்டாவது, கெர்னல் வரியின் கடைசியில் வரும் ரூட் எஸ்டிஏ2. அது கெர்னலுக்கு எழுதிக் கொடுக்கும் சீட்டு. அதை கிரப் படித்துப் புரிந்துகொள்வதில்லை, அப்படியே கடத்திவிடுகிறது. முதலாவது பயாஸின் எண்ணிக்கை, இரண்டாவது கெர்னலின் எண்ணிக்கை. மாற்ற வேண்டியது இரண்டாவதை. எஸ்டிஏ2 விடிஏ2 ஆனது. எந்தப் பிரிவை எங்கே ஏற்றுவது என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பிலும் எஸ்டிஏ, எஸ்டிபி என்று கையால் எழுதியிருந்த வரிகள் விடிஏ, விடிபி ஆயின.

இத்தோடு நிறுத்தியிருக்கலாம். “எதுக்கும் இருக்கட்டும்” என்று இளைஞர் கிரப்பை மறுபடி நிறுவப் பார்த்தார். விடிஏவுக்குப் பொருத்தமான பயாஸ் வட்டு எதுவும் இல்லை என்று மறுத்துவிட்டது. காரணம் அதே ஒற்றை வரிக் கோப்பு. டிவைஸ்.மேப்பில் இன்னமும் ஹெச்டி0 என்றால் எஸ்டிஏ என்றுதான் இருந்தது. எஸ்டிஏ என்ற ஒன்று இப்போது இந்தக் கணினியிலேயே இல்லை. அந்த வரியை விடிஏ என்று திருத்தியதும் கிரப் பேசாமல் நிறுவிக்கொண்டது. பிழைச் செய்தியைப் படித்தால் பெரிய வன்பொருள் கோளாறு போலத் தோன்றும். திருத்தம் ஒரே எழுத்துதான்: எஸ் இருந்த இடத்தில் வி.

கிரப் 2இல் அந்தக் கோப்புக்குப் பெரும்பாலும் வேலை இல்லை. 2012இல் 2.00 வெளிவந்த காலத்துக்குள் உலகம் எண்ணை விட்டு அடையாளத்துக்கு நகர்ந்திருந்தது. லினக்ஸின் வழக்கமான ஒவ்வொரு கோப்பு முறைமையும் உருவாகும்போதே யூயூஐடி என்ற 128 பிட் எண் ஒன்றைத் தனக்குள் எழுதிக்கொள்கிறது. வட்டு எந்த வரிசையில் நின்றாலும், எந்தக் கட்டுப்பாட்டியில் தொங்கினாலும், அந்த எண் கூடவே போகும். கிரப் 2 தெரிந்த வட்டுகளையெல்லாம் திறந்து பார்த்து அந்த எண் எதில் இருக்கிறது என்று தேடுகிறது. எஃப்எஸ்டேப்பிலும் அதையே எழுதலாம். கதவு எண்ணைக் கேட்காமல் ஆளின் கைரேகையைக் கேட்பது.

கைரேகை வந்ததும் கவலை தீர்ந்தது என்று நினைத்தால், மெய்நிகர் கணினிகளின் உலகில் ஆட்களையே படியெடுக்கிறார்கள். ஒரு மாதிரி வட்டை நகலெடுத்து நூறு விஎம் உருவாக்கினால் நூறிலும் ஒரே யூயூஐடி. தனித்தனியே ஓடும்வரை யாருக்கும் தொல்லையில்லை. ஒன்று பழுதாகி, அதன் வட்டைக் கழற்றி, அதே மாதிரியிலிருந்து பிறந்த இன்னொரு விஎம்மில் மாட்டிச் சரிபார்க்க முயலும்போதுதான் வேடிக்கை ஆரம்பம். எக்ஸ்எஃப்எஸ் என்றால் இதே அடையாளத்தில் ஒருவர் ஏற்கெனவே உள்ளே இருக்கிறார் என்று சொல்லி ஏற்ற மறுக்கும். அது நல்ல குணம். ஈஎக்ஸ்டி4 மறுக்காது. நீங்கள் வேலையை முடித்துவிட்டு, மாட்டிய வட்டைக் கழற்ற மறந்து, அந்த உதவிக் கணினியை ஒரு முறை மறுதுவக்கம் செய்தால், அது தன் ரூட் என்று நினைத்து நோயாளியின் வட்டை ஏற்றிக்கொண்டு எழக்கூடும். கூடு விட்டுக் கூடு பாய்ந்த கதை. உங்கள் கோப்புகள் எல்லாம் மாயமாய் மறைந்திருக்கும், வேறொருவரின் கோப்புகள் இருக்கும். நான் பார்த்த ஒருவர் தரவு அழிந்துவிட்டது என்று நம்பி, காப்புப் பிரதியிலிருந்து மீட்கத் தொடங்கிவிட்டார். நல்லவேளை, ரூட் எந்த வட்டிலிருந்து ஏறியிருக்கிறது என்று யாரோ ஒரு கட்டளை போட்டுப் பார்த்தார்கள்.

யூஈஎஃப்ஐ கணினிகளில் 446 பைட் கதையே இல்லை. பூட்லோடர் ஒரு முழுக் கோப்பாக ஒரு தனிப் பிரிவில் இருக்கும். ஆனால் அந்தக் கோப்பு எங்கே என்ற குறிப்பு வட்டில் இல்லாமல் கணினியின் சொந்த நினைவகத்தில் இருக்கும். விஎம்மில் அதுவும் வட்டைவிட்டுத் தனியான ஒரு சிறு கோப்பு. வட்டை மட்டும் நகலெடுத்து, அந்தக் கோப்பை விட்டுவிட்டு வந்தால் குறிப்பு போய்விடும். அப்போது யூஈஎஃப்ஐ, முன்கூட்டியே வகுத்த ஓர் இடத்தில், இஎஃப்ஐ அடைவின் பூட் உள்ளடைவில், ஏதாவது இருக்கிறதா என்று பார்க்கும். அங்கேயும் ஒரு பிரதி போட்டு வைத்திருந்தவர்கள் பிழைத்தார்கள்.

அன்றிரவு கணக்கு மென்பொருள் எழுந்து ஓடத் தொடங்கியபோது மணி இரண்டரை. ஒரு வேலை பாக்கி இருந்தது. 500 ஜிபி வட்டின் தலையில் அந்தப் பழைய கிரப் இன்னமும் இருந்தது. நாளை வேறு யாராவது வரிசையை மாற்றினால் மறுபடி எழுந்து பிழை 15 சொல்லும். அதன் மேல் பூஜ்யங்களை எழுதிவிடலாம் என்றார் இளைஞர். சரி என்றேன். டிடி கட்டளையை அடித்தார். வட்டு விடிபி, சரி. எண்ணிக்கை 1, சரி. அளவு 512 என்று அடித்துவிட்டு என்டர் விசைக்கு விரலைக் கொண்டுபோனார்.

அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். 512இல் கடைசி 66 பைட்டில் பிரிவு அட்டவணையும் முத்திரையும் இருக்கின்றன. அவர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் பின்னோக்கி விசையை மூன்று முறை தட்டிவிட்டு 446 என்று அடித்தார்.